ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டு

ஆடியோ சம்பந்தப்பட்ட எந்த அலுவலகத்தில் சேர்ந்தாலும் முதல் மாதத்துக்குள் இது நடந்தே தீரும். மேலாளர் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் வைத்து, "தம்பி, இதுல என்னென்ன இருக்குன்னு திங்கட்கிழமைக்குள்ள ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்பார். செருகிப் பார்த்தால் எட்டாயிரம் ஃபைல்கள். 'டிராக் 01', 'டிராக் 01 காப்பி', 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்'. ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் திறந்து, பார்த்துப் பார்த்து எக்செல்லில் அடிப்பவர்கள் இன்றும் உண்டு. நானும் இரண்டு நாள் அப்படி உட்கார்ந்தவன்தான். மூன்றாம் நாள் மணிக்கட்டு வலித்ததால் பைத்தான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொள்ள ஒரு சனி, ஞாயிறு போதும். வானொலியின் பாட்டு நூலகம், பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்கும் காப்பகம், ஆடியோ புத்தகம் வெளியிடுபவர்கள், பாடல் உரிமைக் கணக்கு பார்ப்பவர்கள், பேச்சை எழுத்தாக்கித் தரும் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகங்கள் என்று இது தெரிந்த ஆளைத் தேடும் இடங்கள் நிறைய. கோட் என்னவோ பத்து, பதினைந்து வரிதான். அது துப்பும் பதிலில் எதை நம்பலாம், எதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

கடைசி 128 பைட்

எம்பி3 வந்த புதிதில் ஃபைலுக்குள் ஒலி மட்டும்தான் இருந்தது. யார் பாடியது, எந்த ஆல்பம் என்று சொல்ல இடம் கிடையாது. 1996இல் எரிக் கெம்ப் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஃபைலின் வாலில் 128 பைட் ஒட்டவைப்பது. முதல் 3 பைட்டில் 'டேக்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்து, பிறகு தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்கள், 128 வரும். இதற்குப் பெயர் ஐடி3.

முதல் பயிற்சியாக எந்த நூலகத்தின் உதவியும் இல்லாமல் இதைப் படியுங்கள். ஃபைலை பைனரி முறையில் திறந்து, கடைசியிலிருந்து 128 பைட் பின்னால் போய், முதல் மூன்று எழுத்தைச் சோதித்து, மீதியை 30, 30ஆக வெட்டினால் முடிந்தது. ஏழெட்டு வரிதான். டேக் என்பது மாயமில்லை, எண்ணி வைத்த பைட்டுகள் என்பது அதற்குப் பிறகு மறக்காது.

இந்த 30 பைட்டில் தமிழ் படும் பாட்டையும் பார்த்துவிடுங்கள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி. 'திருவையாறு' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி, சரியாக 30 பைட். அதற்குப் பின்னால் 'ஆராதனை' என்று எழுத இடமே இல்லை. 'திருநெல்வேலி' என்றால் 36 பைட்; 'திருநெல்வே' என்று நின்றுவிடும். நடுவில் ஓர் இடைவெளி வந்தால் இன்னும் மோசம். இடைவெளிக்கு ஒரு பைட்தான் என்பதால் கணக்கு பிசகி, கடைசிக் குறி பாதியில் அறுபடும். வாய்பிளந்து நிற்கும் தலைப்புகளைப் பார்த்தால் பழியைத் தட்டச்சு செய்தவர்மேல் போடாதீர்கள்.

இசை வகைக்கு இருக்கும் அந்த ஒரு பைட், ஒரு பட்டியலின் எண். முதல் பட்டியலில் 80 வகைகள். கர்நாடக சங்கீதமும் கிடையாது, வில்லுப்பாட்டும் கிடையாது, பொதுவாக நாட்டுப்புற இசை என்றுகூட ஒன்று கிடையாது. அதை வினாம்ப் மென்பொருள்காரர்கள்தான் பின்னால் சேர்த்தார்கள். தமிழ்ப் பாட்டுகளில் வகை என்ற கட்டத்தை நான் ஷீட்டில் வைப்பதே இல்லை.

1998இல் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு டேக்கை வாலிலிருந்து தலைக்கு மாற்றியது. நீளக் கட்டுப்பாடும் போனது. இன்று நீங்கள் பார்க்கும் எம்பி3களில் பெரும்பாலும் இதுதான். ஃபிளாக், எம்4ஏ, வேவ் ஃபைல்களுக்கு அவற்றுக்கென்று வேறு வேறு ஏற்பாடுகள்.

மியூட்டஜென்னை வேலைக்கு வைப்பது

இத்தனை ஏற்பாட்டையும் நாமே எழுத வேண்டாம். பைத்தானில் மியூட்டஜென் என்ற இலவச நூலகம் இருக்கிறது. பிப் மூலம் ஒரே வரியில் வந்துவிடும். அதிலுள்ள 'ஃபைல்' என்ற செயல்கூற்றிடம் பாதையைக் கொடுத்தால் போதும், எந்த வகை ஃபைல் என்று அதுவே பார்த்துச் சொல்லும். கூடவே 'ஈஸி' என்பதை 'ட்ரூ' என்று வைத்தால் எம்பி3இன் நான்கெழுத்துச் சங்கேதங்களுக்குப் பதில் டைட்டில், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் என்று புரிகிற பெயரில் கேட்கலாம். ஒலியின் நீளமும் பிட்ரேட்டும் 'இன்ஃபோ'வுக்குள் இருக்கும்.

புதிதாக வருபவர்கள் இங்கே வரிசையாகத் தடுக்கி விழுவார்கள். டைட்டில் கேட்டால் ஒரு சரம் வராது, பட்டியல் வரும். ஒரு பாட்டுக்கு இரண்டு பாடகர்கள் இருக்கலாம் அல்லவா? ஃபைல் என்ன வகை என்று தெரியாவிட்டால் பிழை வராது, 'நன்' வரும். வகை தெரிந்து டேக் மட்டும் இல்லாவிட்டால் ஃபைல் வரும், அதன் டேக் 'நன்' ஆக இருக்கும். ஃபைல் சிதைந்திருந்தால்தான் பிழை வெடிக்கும். இந்த மூன்று நிலையையும் ஒன்றாகக் குழப்பாமல், மூன்று தனிப் பெயரில் எழுதிவையுங்கள். பிழை பிடிக்கும் 'ட்ரை'யை ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக, லூப்புக்கு உள்ளே போடுங்கள். வெளியே போட்டுவிட்டு இரவு ஓடவிட்டுப் போனால், காலையில் வந்து பார்க்கும்போது 212ஆவது ஃபைலில் நின்றிருக்கும்.

மேக் கணினியில் பயன்படுத்திய டிஸ்க் என்றால் இன்னொரு வேடிக்கை. புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குட்டி நிழல் ஃபைல் கிடக்கும். பெயர் எம்பி3 என்றே முடியும். உள்ளே ஒலி இருக்காது. அவற்றை முதலிலேயே தள்ளிவிடாவிட்டால் எட்டாயிரம் பதினாறாயிரம் ஆகி, பாதி ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று மேலாளரிடம் சொல்லி அவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிடுவீர்கள்.

வேவ் ஃபைல்களில் மியூட்டஜென் ஐடி3 டேக்கை மட்டுமே தேடும். ஒலிபரப்பு நிறுவனங்களிலிருந்து வரும் வேவ் ஃபைல்களில், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த ஒரு தனிப் பெட்டி இருக்கும்: விவரம், பதிவு செய்தவர், பதிவான நாள், நேரம். மியூட்டஜென் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதும் நம்பிவிடாமல் ஃபைலின் விவரங்களைச் சொல்லும் எஃப்எஃப்ப்ரோப் என்ற கருவியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜேசானாகக் கேட்டால் பைத்தான் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். காப்பக வேலையில் பதிவு நாளைவிட மதிப்பான கட்டம் வேறில்லை.

சாய்ந்த கோடு போட்ட ஏ

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இந்த வேலை செய்பவருக்கு எந்த ஆங்கில வழிகாட்டியும் சொல்லித்தராத ஒரு சிக்கல் உண்டு. ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் தலைப்புக் கட்டத்தில் தமிழுக்குப் பதிலாக, தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகமுத்திரைக் குறியும் மாறி மாறி வரிசை கட்டி நிற்கும். பார்த்தவுடன் 'வைரஸ்' என்பார் பக்கத்து சீட்காரர்.

வைரஸ் இல்லை. டேக்கில் ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் முன்னால் ஒரு பைட் இருக்கும்; பின்னால் வருவது எந்த எழுத்துமுறை என்று சொல்வது அதன் வேலை. 0 என்றால் மேற்கு ஐரோப்பிய லத்தீன்-1, 1 என்றால் யுடிஎஃப்-16, 3 என்றால் யுடிஎஃப்-8. சில மென்பொருள்கள் 0 என்று போட்டுவிட்டு உள்ளே யுடிஎஃப்-8இல் தமிழை வைத்துவிடும். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் யுடிஎஃப்-8இல் முதல் பைட் ஒன்றேதான். லத்தீன்-1இல் அதுவே கோடு போட்ட ஏ. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று: வட்ட ஆர், அல்லது மேலே ஒரு சின்னக் கோடு. மூன்றாவதுதான் குறிக்குக் குறி மாறும். ஆகவே கோடு போட்ட ஏயும் வட்ட ஆரும் சேர்ந்து அடிக்கடி வந்தால் அது தமிழ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சந்தேகிக்கலாம்.

மருந்து ஒரு வரி: சரத்தை லத்தீன்-1 ஆக என்கோட் செய்து, யுடிஎஃப்-8 ஆக டிகோட் செய்யுங்கள். வெற்றி பெற்று, விடையில் தமிழ் எழுத்துகள் இருந்தால் அது சரியான விடை. பழைய சரத்தை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள். ஓரிடத்தில் மட்டும் இது கைகொடுக்காது. இடையில் ஏதாவது மென்பொருள் அதை விண்டோஸ்-1252 என்று எண்ணித் திறந்து சேமித்திருந்தால், புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே கிடையாது; சில மென்பொருள்கள் அதைத் தூக்கி எறிந்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத ஓலைச்சுவடிக் காலத்துக்குப் போய்விட்டோம் என்று சிரித்துக்கொண்டே கையால் திருத்த வேண்டியதுதான்.

பாமினி வகைப் பழைய எழுத்துருவில் அடித்த டேக்குகள் வேறு ரகம். அங்கே கணினிக்கு எந்தக் குறையும் தெரியாது. எல்லாம் சுத்தமான ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். இதைக் கண்டுபிடிக்கக் கண்தான் வேண்டும். சொல்லுக்கு நடுவிலும் முடிவிலும் அரைப்புள்ளி வருவது நல்ல அறிகுறி. மாற்றித்தர ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினிக்கும் டிஸ்கி என்ற இன்னொரு பழைய எழுத்துமுறைக்கும் மாற்றிகள் இருக்கின்றன.

தமிழாகவே வந்தாலும் வேலை முடியாது. 'கொ' என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் என்எஃப்சி என்று கேட்டால் ஒன்றாகிவிடும். ஆனால் 'சௌந்தரராஜன்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்து 'செளந்தரராஜன்' என்று வைத்திருப்பார்கள். இதை என்எஃப்சி தொடாது. 'சவுந்தரராஜன்' என்று எழுதுபவர்களும் உண்டு. இதில் டி.எம். என்ற முதலெழுத்துக்கு நடுவே புள்ளி, இடைவெளி, ஒன்றுமில்லை என்று மூன்று வழி. ஒரே பாடகர் உங்கள் ஷீட்டில் ஒன்பது பேராக உட்கார்ந்திருப்பார். ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்து, இந்த ஒன்பதும் இவர்தான் என்று கையால் முடிச்சுப் போடுவதைத் தவிர வழியில்லை. அதைச் செய்து வைத்தால் உங்கள் பட்டியல் அலுவலகச் சொத்தாகிவிடும்.

இரண்டு மணி நேரமான அரை மணி

டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கு ஆடியோ நிமிடக் கணக்கில் விலை போடுவது வழக்கம். அப்படி ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டரை ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்து, நீளங்களைக் கூட்டி, பெருமையாகக் கொட்டேஷன் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார்: "சார், நாங்க பேசினதே அவ்வளவு நேரம் இல்லையே?" அரை மணிப் பேச்சு ஒன்றை என் ஷீட் இரண்டு மணி நேரம் என்றது. காது சுட்டது.

நீளம் என்பது எம்பி3இல் பெரும்பாலும் எழுதிவைத்த தகவல் கிடையாது; கணக்குப் போட்டுச் சொல்வது. பிட்ரேட் மாறாத ஃபைல் என்றால் கணக்கு சுலபம்: 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு நிமிடத்துக்கு 9,60,000 பைட். பிட்ரேட் மாறிக்கொண்டே போகும் ஃபைல்களில், நல்ல மென்பொருள் முதல் ஃபிரேமில் 'ஸிங்' என்ற தலைப்புப் பெட்டியை வைத்து, மொத்தம் எத்தனை ஃபிரேம் என்று எழுதியிருக்கும். 44,100 ஹெர்ட்ஸ் எம்பி3இல் ஃபிரேம் ஒன்றுக்கு 1,152 சாம்பிள். பெருக்கி வகுத்தால் நீளம் வந்துவிடும். என் வாடிக்கையாளரின் ஃபைலில் அந்தப் பெட்டி இல்லை. பேச்சாளர் மைக்கைப் பிடிப்பதற்கு முன் சில நொடி மௌனம். மௌனத்துக்கு 32 கேபிபிஎஸ் போதும் என்று பதிவுக் கருவி முடிவு செய்திருந்தது. ஸ்கிரிப்ட் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு, முழு ஃபைலும் 32தான் என்று வகுத்தது. உள்ளே இருந்தது 128. நாலு மடங்கு.

அன்றிலிருந்து பணம் சம்பந்தப்பட்ட நீளம் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் முழு ஃபைலையும் டிகோட் செய்து, வெளியீட்டை எங்கும் எழுதாமல், கடைசி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மெதுவாகத்தான் ஓடும். டீ குடித்துவிட்டு வரலாம்.

ஆர்ட்டிஸ்ட் யார்?

ஐடி3 வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது மேற்கத்திய பாப் ஆல்பம்: ஒரு குழு, ஒரு ஆல்பம், பத்துப் பாட்டு. நம் திரைப்பாடலில் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் மூவரும் வேறு வேறு. சிலர் நடிகரையும் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஐடி3 இரண்டாம் பதிப்பில் தனிக் கட்டங்கள் இருக்கின்றன, நிரப்புபவர்கள்தான் குறைவு. ராகத்துக்கும் தாளத்துக்கும் கட்டமே கிடையாது. குறிப்புக் கட்டத்தில் அல்லது தலைப்போடு ஒட்டி எழுதியிருப்பார்கள். ஆகவே குறிப்புக் கட்டத்தைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள், பாதி நேரம் பொக்கிஷம் அங்கேதான் கிடக்கும்.

ஆண்டும் அப்படியே. படம் வந்த ஆண்டா, இசைத்தட்டு வந்த ஆண்டா, சிடியாக மறுபடி விற்ற ஆண்டா என்று டேக் சொல்லாது. 1965ஆம் ஆண்டுப் பாட்டில் 2003 என்று இருந்தால் தப்பு என்று திருத்திவிடாமல், 'டேக்கில் உள்ள ஆண்டு' என்று தலைப்பிட்டு அப்படியே விடுங்கள்.

ஆல்பம் பெயரில் ஏதாவது இணையதள முகவரி இருந்தால் மட்டும் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். பாட்டு எங்கிருந்து இறக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. உரிமை வாங்கிய பாட்டுகளுக்கு நடுவே அது இருப்பது மேலாளர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நீங்களாக அழித்தால், பிற்பாடு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஐடியூன்ஸில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்குள் வாங்கியவரின் கணக்கு மின்னஞ்சல் பதிந்திருக்கும் என்பதும் 2007 முதல் பலரும் அறிந்ததே. ஷீட்டை வெளியே அனுப்புமுன் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

மேலாளர் திறக்கும் ஷீட்

நீங்கள் என்ன எழுதினாலும் அவர் பார்ப்பது எக்செல்லில். சிஎஸ்வியை வெறும் யுடிஎஃப்-8இல் எழுதினால் எக்செல் பெரும்பாலும் தமிழைக் குதறிவிடும். 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். தொடக்கத்தில் சேரும் மூன்று பைட் அடையாளத்தைப் பார்த்து எக்செல் அடங்கும். டிராக் எண் '3/12' என்று இருந்தால், பன்னிரண்டில் மூன்றாவது பாட்டை எக்செல் டிசம்பர் 3 ஆக்கிவிடும். பிளந்து இரண்டு கட்டமாக எழுதுங்கள், அல்லது ஓப்பன்பைஎக்செல் கொண்டு நேராக எக்செல் ஃபைலாகவே எழுதுங்கள்.

டேக்கைத் திருத்தி எழுதச் சொன்னால் அன்றே தொடங்காதீர்கள். மூல டிஸ்க்கில் கை வைக்காமல், நகலில் செய்யுங்கள். காப்பகங்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண் குறித்துவைத்திருப்பார்கள். ஒரு கால்புள்ளியைத் திருத்தினாலும் அது மாறிவிடும். ஃபிளாக் மட்டும் கெட்டிக்காரன். ஒலிக்கு மட்டுமான எம்டி5 அதன் உள்ளேயே இருப்பதால், டேக் மாறினாலும் ஒலி மாறவில்லை என்று நிரூபிக்கலாம். மியூட்டஜென் எம்பி3களைச் சேமிக்கும்போது கேட்காமலே 2.4 பதிப்பாக எழுதும். பழைய விண்டோஸில் அது தெரியாது. வாடிக்கையாளர் "எல்லாம் காலியா இருக்கே" என்பார். பதிப்பு 3 என்று நீங்கள் சொல்லித்தான் எழுதவைக்க வேண்டும்.

ஷீட் இரண்டாக இருக்கட்டும். முதலாவதில் படிக்க முடிந்தவை. இரண்டாவதில் டேக் இல்லாதவை, வகை தெரியாதவை, சிதைந்தவை, தமிழ் உடைந்து திருத்தியவை, நீளத்தில் சந்தேகம் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் ஒரு வரி. ஒரு ஃபைலுக்கு ஒரு நிலை என்று வைத்து எல்லா நிலைகளையும் எண்ணிக் கூட்டினால் டிஸ்க்கில் உள்ள ஃபைல் எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலேயே பழைய போன், பென் டிரைவ், அப்பாவின் எம்பி3 சிடி என்று ஆயிரம் ஃபைலாவது தேறும். அவற்றை இப்படிப் பட்டியலிட்டு எடுத்துப் போங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்த வேலை செய்தவராக இருந்தால் கோட் பக்கம் அதிகம் போகமாட்டார், "படிக்க முடியாததை என்ன பண்ணீங்க?" என்றுதான் கேட்பார். நான் கேட்பேன். அப்போது அந்த இரண்டாவது ஷீட்டை அவர் பக்கம் நகர்த்திவையுங்கள்.